லைப்பேஸ் கூடியிருக்கிறது, வலி இல்லை: க்ரோன்ஸ் இருக்கும் தம்பிக்கு இது கணைய அழற்சியா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 29. க்ரோன்ஸ் நோய், அதாவது குடலில் நாள்பட்ட அழற்சி. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். சில வருடங்களுக்கு முன்பு அங்கே அடைப்பு வந்து, ஆபரேஷன் செய்து அந்தப் பகுதியைக் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த அழற்சியை அடக்க அடாலிமுமாப் ஊசி போட்டுக்கொள்கிறான். நன்றாகத்தான் இருந்தான். சமீபத்தில் மறுபடியும் பேதி, அசதி, ரத்தசோகை.

வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில், விலை குறைவு என்று முழு உடல் பேக்கேஜ் எடுத்துவிட்டான். அதில் லைப்பேஸ் என்ற கணைய நொதி 142 என்று வந்திருக்கிறது. மேல்வரம்பு 60 என்று பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொரு நொதியான அமைலேஸும் கொஞ்சம் கூடுதல். வயிற்று வலி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான். இரண்டு எண்களும் சிவப்பு எழுத்தில் இருப்பதைப் பார்த்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. கணையம் போய்விட்டது என்று மாமா சொல்கிறார். இணையத்தில் தேடினால் இரண்டாவது வரியிலேயே புற்றுநோய் வருகிறது. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. இது கணைய அழற்சியா? ஊசியால் வந்ததா? அதுவரை சோற்றை நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கட்டுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வயிற்றுமருத்துவர் எழுதியது:

அம்மா, நான் குடல், கல்லீரல் நோய்களைப் பார்க்கிற மருத்துவர். தம்பியை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பேசலாம்.

திடீர்க் கணைய அழற்சி என்று சொல்ல உலகம் முழுக்க ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறோம். அட்லாண்டா வரையறை என்று பெயர், 2012ல் திருத்தினார்கள். மூன்று விஷயங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: மேல் வயிற்றில் தொடங்கி முதுகுப் பக்கம் பாயும் கடுமையான வலி, அமைலேஸோ லைப்பேஸோ மேல்வரம்பைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருப்பது, ஸ்கேனில் கணையம் வீங்கித் தெரிவது. உங்கள் ஆய்வகத்தின் மேல்வரம்பு 60 என்றால் மூன்று மடங்கு 180. தம்பிக்கு 142. வலியும் இல்லை. ஆக, இப்போதைக்கு இதைக் கணைய அழற்சி என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு ஏன் கூடியது என்று கேட்பீர்கள். க்ரோன்ஸ், பெருங்குடல் புண் நோய் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் இது அடிக்கடி தட்டுப்படுகிற விஷயம். ஒரு தொல்லையும் இல்லாமல் இந்த நொதிகள் மட்டும் லேசாகக் கூடியிருப்பவர்களைப் பல நாட்டு ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். குடல் புண் எவ்வளவு பரவலாக, எவ்வளவு உக்கிரமாக இருக்கிறதோ அதை ஒட்டி இவை ஏறி இறங்குவதும் உண்டு. புண்பட்ட குடல் சுவர் வழியாக, குடலுக்குள் இருக்கிற நொதி ரத்தத்துக்குள் திரும்பப் போவது ஒரு காரணமாக இருக்கலாம். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டாலும் கூடும். சிலருக்கு அமைலேஸ் ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிப் பெரிய மூலக்கூறாகிவிடும். அது சிறுநீரில் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கும். அப்போது கணையத்தில் ஒரு குறையும் இல்லாமலே அமைலேஸ் எண் ஏறி நிற்கும். தம்பிக்குப் பேதி திரும்பியிருக்கிறது என்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது குடலைத்தான். கணையம் அப்புறம்.

அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வார். ரத்தத்தில் டிரைகிளிசரைடு, கால்சியம், கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை எல்லாம் பார்ப்பார். தம்பி இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்தின் பெயரும், எப்போது தொடங்கியது என்பதும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, பொடி, லேகியம் எதுவானாலும் அதிலே எழுதுங்கள். மது உண்டா இல்லையா என்பதை அவரே டாக்டரிடம் தனியாகச் சொல்லட்டும்.

சோற்றை நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே ரத்தசோகையோடு இருக்கிறவரைக் கஞ்சியில் போட்டால் இன்னும் இளைப்பார்.

ஒன்றே ஒன்று. மேல் வயிற்றில் விடாத வலி, முதுகுக்குப் போகிற வலி, கூடவே வாந்தி அல்லது காய்ச்சல், கண் மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.


பசுமைவழி எழுதியது:

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊசி, மாத்திரை எல்லாம் கணையத்துக்குப் பகை என்று பல இடங்களில் படித்தேன். அக்கா, எதற்கும் அடுத்த ஊசியைத் தள்ளிப் போடுங்கள். கொஞ்ச நாள் மோரும் மாதுளைத் தோல் கஷாயமும் கொடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவருக்குப் பேதி நின்றிருக்கிறது.


தாமரைக்குளம் எழுதியது:

பசுமைவழி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் தயவுசெய்து ஊசியைத் தள்ளிப் போடச் சொல்லாதீர்கள். க்ரோன்ஸ் இருப்பவர் இந்த மருந்தை நடுவில் விட்டால், உடலில் அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி, அப்புறம் அதே மருந்து வேலை செய்யாமலே போகலாம். ஏற்கெனவே ஒரு முறை குடலை வெட்டியவர். இன்னொரு முறை வெட்டும் நிலைக்குப் போகக் கூடாது.

மருந்தால் கணைய அழற்சி வருவது உண்மைதான். எனக்கே வந்தது. ஆனால் எந்த மருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு க்ரோன்ஸ் உறுதியானதும் ஸ்டீராய்டோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோப்ரின் மாத்திரையும் தொடங்கினார்கள். முதல் மாதம் முடிவதற்குள் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல் வயிற்றில் பிடித்தது. குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, மல்லாந்து படுத்தால் தாங்க முடியாது. இரண்டு தடவை வாந்தி. கேஸ் என்று நினைத்து வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்தார்கள். இரவு பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்தவர் க்ரோன்ஸ் வலி என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் என் சொந்த மருத்துவருக்குப் போன் செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை தொடங்கி எத்தனை வாரம்?" உடனே வரச் சொன்னார். லைப்பேஸ் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அசாதியோப்ரினை அன்றே நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றினார்கள். சீக்கிரமே வலி அடங்கியது. சாப்பிட ஆரம்பித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றுவரை மறுபடி வரவில்லை.

க்ரோன்ஸ்காரர்களுக்கு வயிற்று வலி பழகிப்போன விஷயம். அதனால்தான் புது வலியையும் பழைய கணக்கில் போட்டுவிடுகிறோம். எனக்கு வழக்கமாக வலி தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் வரும். அன்றைக்கு வந்தது அது இல்லை. அந்த வித்தியாசத்தை அவசரப் பிரிவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "இது என் பழைய வலி இல்லை" என்று சொன்னாலே லைப்பேஸ் பார்க்கத் தோன்றும்.


வயிற்றுமருத்துவர் எழுதியது:

தாமரைக்குளம் சொன்னது பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது. அசாதியோப்ரின் எடுக்கும் குடல் அழற்சி நோயாளிகளில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இப்படி வரலாம். பெரும்பாலும் முதல் நான்கு வாரங்களுக்குள் வந்துவிடும். பெருங்குடல் புண் நோயை விட க்ரோன்ஸ் உள்ளவர்களுக்குக் கூடுதல். புகைப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். அளவைக் குறைத்தால் வராது என்று எண்ண வேண்டாம். இது மருந்தின் அளவைச் சார்ந்தது இல்லை. சிலரின் எச்எல்ஏ என்ற, எதிர்ப்புச் சக்தி சார்ந்த மரபணுவில் இருக்கும் ஒரு மாற்றம் இதற்கு வழிவிடுகிறது என்று 2014ல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 17 சதவீதம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் சுமார் 9 சதவீதம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், நோயாளிகள் அடிக்கடி கேட்பது. அசாதியோப்ரினுக்கு முன்பு என்யூடிடி15, டிபிஎம்டி என்று மரபணுப் பரிசோதனை எழுதுகிறார்கள் அல்லவா? அது வெள்ளையணுக்கள் சரிந்துவிடுமா என்று பார்க்க. நம் நாட்டினரிடமும் மற்ற ஆசியர்களிடமும் என்யூடிடி15 மாற்றம் அதிகம் என்பதால் அந்தப் பரிசோதனை நமக்கு மிகவும் முக்கியம். ஆனால் அது நார்மல் என்று வந்தால் கணையத்துக்கும் ஆபத்து இல்லை என்று பொருள் இல்லை. இரண்டும் வேறு வேறு.

ஒரு முறை அசாதியோப்ரினால் கணைய அழற்சி வந்தவர் அதை மறுபடி தொடக் கூடாது. மெர்காப்டோப்யூரினும் வேண்டாம், உடலுக்குள் அசாதியோப்ரின் அதுவாகத்தான் மாறுகிறது. தாமரைக்குளம், உங்கள் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறீர்களா?

குடல் அழற்சிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெசலமினாலும் வரலாம், ஆனால் மிகவும் அபூர்வம். அபூர்வம் என்பதால்தான் யாருக்கும் நினைவு வராது. பல வருடம் மெசலமின் சாப்பிட்டவருக்கு இன்று கணைய அழற்சி வந்தால் மற்ற காரணங்களையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் பழி போட வேண்டும். வைகைக்கரையின் தம்பிக்கு இந்த இரண்டு மருந்தும் இல்லை என்று தெரிகிறது. அடாலிமுமாப்பை இதற்காக நிறுத்துவதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பசுமைவழி, மாதுளைத் தோல் கஷாயம் பேதியைக் கட்டலாம். குடலின் உள்ளே இருக்கும் புண் அதனால் ஆறாது. பேதி நின்றதால் நோய் நின்றது என்று நினைத்துவிடுவதுதான் இதில் எனக்கு இருக்கும் பயம்.


தாமரைக்குளம் எழுதியது:

எழுதி வைத்திருக்கிறேன் டாக்டர். அலைபேசியிலும் படமாக இருக்கிறது.


ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

வணக்கம். நான் கனடாவில் இருக்கிறேன். எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், டாக்டர் சொன்ன பெருங்குடல் புண் நோய்தான். நீங்கள் கதைப்பதைப் பார்த்ததும் என்னுடையதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. இது பலருக்குத் தெரியாத விஷயம்.

எனக்கு வயிற்று நோவோடு உடம்பு மெலிந்துகொண்டே போனது. ஸ்கேன் எடுத்தபோது கணையத்தின் தலைப்பகுதி கட்டிபோலத் தடித்திருப்பதாகச் சொன்னார்கள். புற்றுநோயாக இருக்கலாம், பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று கதைத்தார்கள். அம்மா கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தா. அப்போது குழுவில் இருந்த ஒரு மருத்துவர், இவருக்குப் பெருங்குடல் நோயும் இருக்கிறது, வயதும் குறைவு, அதனால் சத்திரசிகிச்சைக்கு முதல் எண்டோஸ்கோப் வழியாக அல்ட்ராசவுண்ட் விட்டுச் சதைத்துண்டு எடுத்துப் பார்ப்போம் என்றார். எடுத்ததில் புற்றுநோய் இல்லை. தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி, இரண்டாம் வகை என்று சொன்னார்கள். ஸ்டீராய்டு தந்தார்கள். இரண்டு கிழமையில் மறுபடி ஸ்கேன் எடுத்தபோது தடிப்பு நன்றாகக் குறைந்திருந்தது. கணையம் இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த ஒரு மருத்துவர் அன்றைக்குக் கேள்வி கேட்டிராவிட்டால் வெட்டியிருப்பார்கள்.

டாக்டர், இதைப் பற்றிக் கொஞ்சம் விளங்கப்படுத்த முடியுமா? இங்கே ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே பாதிதான் விளங்கியது. அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.


வயிற்றுமருத்துவர் எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவருக்காகவே எழுதுகிறேன்.

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் கணையத்தையே தாக்கினால் அது தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி. 1995ல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு பார்த்தால் ஒரே பெயருக்குள் இரண்டு நோய்கள் இருந்தன. முதல் வகையில் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் கூடுகிறது என்று 2001ல் ஜப்பானிலேயே கண்டார்கள். அது பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு வரும். பித்தநாளம், எச்சில் சுரப்பி, சிறுநீரகம் என்று மற்ற உறுப்புகளையும் தொடும்.

இரண்டாம் வகை இளையவர்களுக்கு வருவது, ஆண் பெண் இருவருக்கும். கணையத்தைத் தவிர மற்ற உறுப்புகளுக்குப் போகாது, ஆனால் பெருங்குடல் புண் நோயோடு சேர்ந்து வருவது சகஜம். ஐஜிஜி4 பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அதனால் "ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, தன்னெதிர்ப்பு இல்லை" என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. உறுதி செய்வது சதைத்துண்டில்தான். கணைய நாளத்தின் உட்சுவருக்குள் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் புகுந்து அதை அரித்திருப்பது நுண்ணோக்கியில் தெரியும். 2011ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதிய வரையறையில், இரண்டாம் வகையைச் சந்தேகிக்கக் குடல் அழற்சி நோய் இருப்பதையே ஒரு சான்றாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். திரும்பி வருவது முதல் வகையை விடக் குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. புற்றுநோய் இல்லை என்று முடிந்த அளவு உறுதி செய்துகொள்ளாமல் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமே என்று யாரும் தொடங்கக் கூடாது. கொடுத்தால் இரண்டு வாரத்தில் ஸ்கேனில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி யோசிக்க வேண்டும். உங்கள் மருத்துவர்கள் செய்ததும் அதுதான்.


நெய்தல் எழுதியது:

நான் நாகர்கோவில் பக்கம். எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவுக்குக் கணையத்தில் கல் இருந்து, சர்க்கரை நோயும் வந்தது. அவருக்குக் குடல் நோய் எதுவும் கிடையாது, மது தொட்டதும் இல்லை. சின்ன வயதிலிருந்தே வயிற்று வலி. இப்போது என் மகளுக்குக் கோலைட்டிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கும் எப்போதாவது கணையத்தில் ஏதாவது வந்தால், குடல் நோயால் வந்ததா, குடும்பத்தில் இருப்பதா என்று எப்படித் தெரியும்? மரவள்ளிக் கிழங்கு சாப்பிடுவதால் வருகிறது என்று முன்பு சொல்வார்கள், அது உண்மையா?


வயிற்றுமருத்துவர் எழுதியது:

நெய்தல், இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். மேலை நாட்டு ஆய்வுகளை மட்டும் படித்துவிட்டு இங்கே சிகிச்சை செய்தால் விட்டுப்போவது இதுதான். நாள்பட்ட கணைய அழற்சி உலகிலேயே அதிகமாகப் பதிவான பகுதிகளில் தென்னிந்தியாவும் ஒன்று. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதை நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பார்த்துப் பதிவு செய்தார். இளம் வயதில் வலி, கணைய நாளத்தில் பெரிய கற்கள், பிறகு சர்க்கரை நோய். சென்னையில் டாக்டர் மோகன் போன்றோர் இந்தச் சர்க்கரை நோயை விரிவாக ஆராய்ந்தார்கள். மரவள்ளிக் கிழங்கைத்தான் அப்போது சந்தேகப்பட்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள் இவர்களில் அதிகம் என்பது பின்னால் தெரியவந்தது. கிழங்கைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

வித்தியாசம் ஸ்கேனில் ஓரளவு தெரியும். கல் படிந்த கணையத்தில் நாளம் பருத்து, உள்ளே கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில்கூடத் தெரியும். குடல் அழற்சி நோயோடு வரும் மாற்றங்களில் பெரும்பாலும் கற்கள் இருக்காது. நாளம் அங்கங்கே குறுகியோ ஒழுங்கில்லாமலோ இருக்கும். அதுவும் ஒரு வலியும் இல்லாத ஆட்களிடம் தேடிப் பார்த்தால்தான் தெரியும். மகளின் மருத்துவரிடம் பெரியப்பாவின் விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அசாதியோப்ரின் தொடங்கும் பேச்சு வந்தால் அப்போதும் நினைவூட்டுங்கள்.


அகநாழிகை எழுதியது:

குறுக்கே வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் உயிரியல் ஆசிரியை. குடலில் ஒரு நோய், கணையத்தில் ஒரு நோய். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது மருந்தும் கல்லும் மட்டும்தானா? இல்லை, அடியிலேயே ஏதாவது உறவு இருக்கிறதா?


வயிற்றுமருத்துவர் எழுதியது:

இருக்கிறது டீச்சர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1950ல், அசாதியோப்ரினும் மெசலமினும் வருவதற்கு முன்பே, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூன்று மருத்துவர்கள் பெருங்குடல் புண் நோயோடு இறந்த 86 பேரின் உடற்கூறாய்வுகளை வைத்துக் கணையத்தைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கணையத்தில் தழும்போ அழற்சியோ இருந்தது. அது கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களின் கணக்கு, இன்றைய நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எல்லாப் பழியையும் மருந்தின்மேல் போட முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. டென்மார்க்கில் நாடு முழுவதும் 16 ஆண்டுகள் கவனித்து 1999ல் வெளியிட்ட ஆய்வில், திடீர்க் கணைய அழற்சி வரும் வாய்ப்பு மற்றவர்களை விட க்ரோன்ஸ் உள்ளவர்களுக்கு நான்கு மடங்குக்குச் சற்று அதிகம், பெருங்குடல் புண் உள்ளவர்களுக்கு இரண்டு மடங்கு என்று வந்தது.

1980களில் ஜெர்மனியில் விண்ஃப்ரீட் ஷ்டோக்கர் குழுவினர் க்ரோன்ஸ் நோயாளிகளின் ரத்தத்தில் கணையத்தை நோக்கிய ஆன்டிபாடி இருப்பதைக் கண்டார்கள். மற்றவர்களிடம் அது மிகவும் குறைவு. கணையத்தில் எதை அது குறிவைக்கிறது என்று தெரிய 2009 வரை ஆனது. ஜிபி2 என்ற புரதம். கணையச் செல்களில் நொதிகளைச் சுமக்கும் நுண்பைகளின் சவ்வில் இருக்கிறது, நொதியோடு சேர்ந்து குடலுக்குள்ளும் வருகிறது. அதே ஆண்டு இன்னொரு குழு, குடலின் உட்சுவரில் பேயர் திட்டுகள் என்ற எதிர்ப்புச் சக்தித் திசுக்களை மூடியிருக்கும் எம் செல்கள் என்ற செல்களிலும் இதே ஜிபி2 இருக்கிறது, சில பாக்டீரியாக்களைப் பிடித்து உள்ளே அனுப்பி எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிக்கொடுக்கிறது என்று சொன்னது. பேயர் திட்டுகள் அதிகம் இருப்பது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். க்ரோன்ஸ் அதிகம் தாக்குவதும் அதே இடம்.

ஒரே புரதம் இரண்டு இடத்திலும் இருக்கிறது. குடலில் தொடங்கிய எதிர்ப்பு கணையத்தையும் அடையாளம் கண்டுகொள்கிறது என்று நினைக்க இடம் உண்டு. ஆனால் இந்த ஆன்டிபாடி இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கணையத்தில் நோயே வருவதில்லை. அதனால் இந்தப் பரிசோதனையை ஆய்வகத்தில் போய் நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காசு போய், கவலை மட்டும் மிஞ்சும்.


வைகைக்கரை எழுதியது:

டாக்டர், தாமரைக்குளம் அண்ணா, எல்லோருக்கும் நன்றி. தம்பியின் மருத்துவரைப் பார்த்துவிட்டோம். நீங்கள் சொன்னபடியே மருந்துப் பட்டியலை எழுதிக் கொண்டுபோனோம், அதைப் பார்த்ததும் அவர் பாராட்டினார். மறுபடி எடுத்ததில் லைப்பேஸ் 118. டிரைகிளிசரைடு, கால்சியம் எல்லாம் சரி. குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனையான கால்ப்ரொடெக்டின் மிகவும் அதிகம், அதனால் குடலில் நோய் தலைதூக்கியிருக்கிறது என்று சொன்னார். ஊசியை நிறுத்தவில்லை, ரத்தத்தில் மருந்தின் அளவு போதுமா என்று பார்க்க எழுதியிருக்கிறார்.

அல்ட்ராசவுண்டில் கணையம் நார்மல். ஆனால் பித்தப்பையில் சின்னக் கற்கள் இருக்கின்றன. பித்தநாளம் பருக்கவில்லை. இந்தக் கல்லை இப்போதே எடுக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, தொல்லை இல்லாதவரை வேண்டாம் என்றார். க்ரோன்ஸுக்கும் பித்தக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்? கேட்க மறந்துவிட்டேன்.


வயிற்றுமருத்துவர் எழுதியது:

நல்ல செய்தி. உங்கள் மருத்துவர் சரியான பாதையில்தான் போகிறார்.

பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்புவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. தம்பிக்கு நோய் இருந்ததும், வெட்டி எடுத்ததும் அங்கேதான். அந்தச் சுற்று கெடும்போது பித்தத்தின் சேர்மானம் மாறி, கல் உருவாக வாய்ப்பு கூடுகிறது. க்ரோன்ஸ் உள்ளவர்களுக்குப் பித்தக்கல் மற்றவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு. அப்படி ஒரு சின்னக் கல் நழுவி, பித்தநாளமும் கணைய நாளமும் சேரும் வாயில் போய் அடைத்தால் கணைய அழற்சி வரும். க்ரோன்ஸ்காரருக்குக் கணைய அழற்சி வந்தால் நான் முதலில் தேடும் காரணங்களில் இது ஒன்று. மருந்து என்று சொல்லி மூடிவிட்டால் கல் உள்ளேயே இருக்கும், மறுபடி வரும்.

இப்போது கல்லைத் தொட வேண்டாம் என்றது சரி. சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிற வலி, மஞ்சள் காமாலை, கணைய அழற்சி இவற்றில் ஒன்று வந்தால் அப்போது பித்தப்பையை எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். இன்னொன்று, லைப்பேஸை வாரம் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். குடல் அடங்கிய பிறகு ஒரு தடவை பார்த்தால் போதும். வலி வந்தால் மட்டும் அன்றைக்கே.


காயல் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இந்த இழை முழுவதையும் வாசித்தேன். என் வாப்பாவுக்கு க்ரோன்ஸ், குடல் அடங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் எடை குறைகிறது. மலம் எண்ணெய்ப் பசையாக, தண்ணீரில் மிதக்கிறது, வாடை அதிகம். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியைப் பார்த்ததில் 130 வந்தது. கணையம் நொதி சுரக்கவில்லை என்று கேப்சூல் எழுதியிருக்கிறார்கள். அது பன்றியிலிருந்து எடுப்பது என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். வாப்பா தொட மறுக்கிறார். என்ன செய்யலாம்?


வயிற்றுமருத்துவர் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம். முதலில் அந்த 130. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் கணையச் சுரப்பு போதவில்லை என்று சந்தேகிப்போம், 100க்குக் கீழே போனால் நிச்சயம் கூடும். 130 நடுவில் நிற்கிறது. பரிசோதனைக்குக் கொடுத்த மலம் தண்ணீராக இருந்ததா என்று வாப்பாவிடம் கேளுங்கள். தண்ணீராக இருந்தால் எலாஸ்டேஸ் நீர்த்து, இல்லாத குறையைக் காட்டும். அப்படி என்றால் கெட்டியாகப் போகிற ஒரு நாளில் மறுபடி கொடுத்துப் பார்ப்பது நல்லது.

அவருக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதி வெட்டப்பட்டிருந்தால், பித்த உப்பு பெருங்குடலுக்குள் போவதாலேயே பேதியும் கொழுப்பு மலமும் வரலாம். அதற்கு மருந்து வேறு. சிறுகுடலில் பாக்டீரியா பெருகினாலும் இதே மாதிரி இருக்கும். இவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வைட்டமின் டி, பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேப்சூலைப் பற்றி. உண்மைதான், இப்போது வழக்கமாகக் கொடுக்கப்படும் கணைய நொதி பன்றியின் கணையத்திலிருந்து வருவது. அதை மறைத்துக் கொடுப்பது தவறு என்று நினைக்கிறேன். வாப்பாவின் மருத்துவரிடம் இந்தத் தயக்கத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்; மறு பரிசோதனையில் தேவையே இல்லை என்று வரவும் கூடும். தேவைதான் என்று உறுதியானால், மாற்று இல்லாத மருந்து என்ற நிலையை ஊர் ஆலிமிடம் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போனால் பேசுவது எளிது.

எடுத்துக்கொள்வதாக முடிவானால் ஒரு விஷயம் முக்கியம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்கினால் பயன் குறைவு. முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் மீதி என்று சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போக வேண்டும். உள்ளே இருக்கும் உருண்டைகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. பால், பிஸ்கட் போன்றவற்றுக்கும் கொஞ்சம் தேவைப்படும். வெறும் பழம், கட்டங்காப்பிக்கு வேண்டாம். மறு எலாஸ்டேஸ் பரிசோதனைக்காகக் கேப்சூலை நிறுத்த வேண்டியதில்லை. வழக்கமான பரிசோதனை மனித எலாஸ்டேஸை மட்டும்தான் அளக்கும்.


காயல் எழுதியது:

ஜஸாக்கல்லாஹ் டாக்டர். அன்றைக்குக் கொடுத்தது தண்ணீராகத்தான் போனதாம், வாப்பாவே இப்போது சொன்னார். நாளைக்கு ஆய்வகத்தில் கேட்டு, மறுபடி கொடுக்க ஏற்பாடு செய்கிறேன். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.